விண்வெளியை வரைந்த பள்ளி ஆசிரியர்

அரூப ஓவியம் ஒன்றைப் பார்த்ததும் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்ன இருக்கிறது?" என்பதுதான். மரமும் இல்லை, வீடும் இல்லை, மனித முகமும் இல்லை. வண்ணத் திட்டுகள் மட்டும் இருக்கின்றன. "இதை நம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடுவானே" என்றும் சிலருக்குத் தோன்றும்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஓவியத்தில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. விண்வெளி பற்றிய பாடத்துக்குப் படங்கள் தேடியபோதுதான் ஆல்மா தாமஸ் என்ற அமெரிக்க ஓவியரின் படைப்புகளை அறிந்தேன். அவரும் நம்மைப் போல ஒரு பொதுப்பள்ளி ஆசிரியர் என்பது கூடுதல் ஈர்ப்பைத் தந்தது. அவருடைய ஓவியங்களின் துணையோடு அரூப ஓவியம் என்பது என்ன, வானியலோடும் இயற்கையோடும் அதற்கு என்ன தொடர்பு, அது நம் வகுப்பறைக்கு எப்படிப் பயன்படும் என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

அரூபம் நமக்குப் புதிதல்ல

அரூபம் என்றால் ஏதோ புரியாத ஒன்று என்ற எண்ணம் நமக்கு உண்டு. உண்மையில் நாம் அன்றாடம் கரும்பலகையில் அரூபத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறோம். ஒரு பொருளின் பல பண்புகளில் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதே அரூபமாக்கல். மின்சுற்றுப் படத்தில் கம்பியின் நிறமும் இல்லை, வளைவும் இல்லை. இணைப்பு மட்டுமே இருக்கிறது. மாவட்ட வரைபடத்தில் வயலும் வரப்பும் கிடையாது. எல்லைகளும் ஊர்களும் மட்டுமே உண்டு.

சூரியக் குடும்பப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனை 10 செ.மீ. விட்டமுள்ள பந்தாக வைத்தால் பூமி 1 மி.மீ. அளவைக்கூட எட்டாது. அந்தப் புள்ளியையும் சூரியனிலிருந்து ஏறத்தாழ 10.7 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அதாவது சூரியன் வகுப்பறையின் ஒரு கோடியில் இருந்தால் பூமி அடுத்த வகுப்பறைக்குள் போய்விடும். இந்த அளவில் பாடநூலில் எந்தப் படத்தையும் அச்சிட முடியாது. ஆகவே அளவையும் தொலைவையும் விட்டுவிட்டு, கோள்களின் வரிசையை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. எதை வைத்தோம், எதை விட்டோம் என்பது தெரிந்திருந்தால் அந்தப் படம் பயனுள்ள உண்மைதான்.

அரூப ஓவியரும் இதையேதான் செய்கிறார். நாம் வரிசையையும் இணைப்பையும் வைத்துக்கொள்கிறோம். அவர் நிறத்தையோ ஒளியையோ அசைவையோ வைத்துக்கொண்டு உருவத்தை விட்டுவிடுகிறார்.

35 ஆண்டுகள் வகுப்பறையில்

ஆல்மா தாமஸ் 1891இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரில் பிறந்தார். நான்கு பெண் மக்களில் மூத்தவர். அக்காலத்தில் அந்த ஊரில் கறுப்பின மக்கள் அருங்காட்சியகத்துக்குள் நுழைய முடியாது. இன வன்முறைக்கு அஞ்சியும், பிள்ளைகளின் கல்வியை எண்ணியும் அவருடைய குடும்பம் 1907இல் தலைநகர் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 15ஆம் தெருவில் இருந்த வீட்டில்தான் அவர் இறுதிவரை வாழ்ந்தார்.

முதலில் ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் 30 வயதில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1924இல் அங்குப் புதிதாகத் தொடங்கப்பட்ட நுண்கலைத் துறையின் முதல் பட்டதாரியானார். அதன்பின் வாஷிங்டனில் ஷா இடைநிலைப் பள்ளியில் கலை ஆசிரியராகச் சேர்ந்து, 35 ஆண்டுகள் அதே பள்ளியில் பணியாற்றி 1960இல் ஓய்வு பெற்றார்.

அவருடைய பணிக்காலத்தைப் பார்த்தால் நமக்கு மிக நெருக்கமாகத் தோன்றும். பணியில் இருந்தபடியே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1934இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்குப் பொம்மலாட்டத்தைக் கல்விக்குப் பயன்படுத்துவது பற்றிப் படித்தார். 1936இல் மாணவர்களுக்காகப் பள்ளிக் கலை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 1938இல் பள்ளிக்குள்ளேயே ஓவியக் காட்சிக்கூடம் அமைத்தார். சிறுவயதில் அருங்காட்சியகத்துக்குள் செல்ல முடியாதிருந்தவர், தம் மாணவர்களுக்காக அதைப் பள்ளிக்கே கொண்டுவந்தார். ஓவியம் வரைய அவருக்குக் கிடைத்தது பள்ளி நேரம் போக மிஞ்சிய நேரம்தான்.

சன்னல் வழியே வந்த ஒளி

ஓய்வு பெற்றபோது அவருக்கு 68 வயது. அதற்குப் பிறகுதான் முழுநேரமும் வரையத் தொடங்கினார். மூட்டுவலி கடுமையாகி, 1964 வாக்கில் ஓவியத்தையே கைவிட எண்ணும் நிலை வந்தது. அந்த நேரத்தில் ஹோவர்டு பல்கலைக்கழகம் அவருடைய ஓவியங்களைக் காட்சிப்படுத்த முன்வந்தது. இதுவரை வரைந்ததிலிருந்து வேறுபட்ட ஒன்றை அந்தக் காட்சியில் வைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அவர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஹோலி என்னும் மரம் ஒன்று இருந்தது. அதன் இலைகளுக்கு இடையே ஒளி சிதறி வருவதையும், காற்றடிக்கும்போது சன்னல் கண்ணாடியில் அந்த ஒளிக்கோலம் மாறுவதையும் கவனித்தார். மரத்தின் வடிவத்தை விட்டுவிட்டு அந்த ஒளியின் சிதறலை மட்டும் எடுத்துக்கொண்டார். சிறு சிறு தூரிகைத் திட்டுகளை வரிசையாகவும் வட்டமாகவும் வைக்கும் அவருடைய பாணி இப்படித்தான் பிறந்தது. திட்டுக்கும் திட்டுக்கும் இடையே கேன்வாஸின் வெண்மை எட்டிப்பார்க்கும். இலையிடுக்கில் தெரியும் ஒளிபோல அது ஓவியத்துக்கு உயிர் தருகிறது.

திட்டுகள் ஏதோ போகிற போக்கில் வைக்கப்பட்டவை அல்ல. முதலில் பென்சிலால் வழிகாட்டும் கோடுகளை இட்டுக்கொண்டு, அதன் பிறகே அக்ரிலிக் வண்ணத்தை வைப்பார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்பதை வண்ணக் கோட்பாட்டு நூல்களைப் படித்துத் திட்டமிட்டார்.

1966இல் அவர் வரைந்த 'உயிர்த்தெழுதல்' என்ற ஓவியம், வட்டத்துக்குள் வட்டமாக விரியும் வண்ணங்களால் ஆனது. அது 2015 முதல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் உணவுக்கூடம் ஒன்றை அலங்கரித்தது. 1972இல், தம் 80ஆவது வயதில், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக்காட்சி நடத்தினார். அங்குத் தனிக்காட்சி நடத்திய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவரே. 1978இல் மறைந்தார்.

அப்போலோ காலத்து ஓவியங்கள்

குதிரை வண்டிக் காலத்தில் பிறந்தவர், மனிதன் நிலவில் நடப்பதையும் பார்த்தார். அந்த வியப்பில் பிறந்தவையே அவருடைய விண்வெளி ஓவியங்கள். மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, 'ஸ்னூப்பி' வரிசை. 1969 மே மாதம் சென்ற அப்போலோ 10 கலம் நிலவில் இறங்கவில்லை. இறங்குவதற்கான ஒத்திகையாக, அதன் நிலவுக் கலம் தரையிலிருந்து சுமார் 15 கி.மீ. உயரம்வரை தாழ்ந்து சென்று திரும்பியது. படக்கதையில் வரும் நாய்க்குட்டியான ஸ்னூப்பியின் பெயரை அந்த நிலவுக் கலத்துக்குச் சூட்டியிருந்தார்கள். விண்வெளியிலிருந்து முதன்முதலாக வண்ணத் தொலைக்காட்சிப் படங்களை அனுப்பிய பயணமும் அதுதான். வண்ணமே உலகமாக வாழ்ந்த ஓவியருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சூரிய அஸ்தமனத்தால் போர்த்தப்பட்ட பூமியை ஸ்னூப்பி பார்ப்பதாக ஓர் ஓவியத்துக்குத் தலைப்பிட்டார். நாய்க்குட்டி அதில் இல்லை. அது பார்த்த காட்சியின் வண்ணம் மட்டுமே இருக்கிறது. அதாவது நாம் ஸ்னூப்பியின் இருக்கையில் அமர்ந்து பார்க்கிறோம்.

இரண்டாவது, 1970இல் வரைந்த 'கிரகணம்'. அந்த ஆண்டு மார்ச் 7 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாகச் சென்றது. வாஷிங்டனில் அது பகுதி கிரகணமாகத் தெரிந்தது. ஓவியத்தில் கருநீல வட்டம் ஒன்று நடுவிலிருந்து சற்று விலகி நிற்கிறது. அதைச் சுற்றி வளையம் வளையமாக வண்ணத் திட்டுகள் விரிந்து, கேன்வாஸின் விளிம்பையும் தாண்டிப் போவதுபோல் தெரிகின்றன. வட்டம் சரியாக நடுவில் இருந்திருந்தால் ஓவியம் அசையாமல் நின்றிருக்கும். விலகி நிற்பதால்தான் ஒளி பரவிக்கொண்டே இருப்பதாக உணர்கிறோம்.

இங்கே சற்று நின்று யோசிக்கலாம். கிரகணத்துக்கு நம் பாடநூலிலும் ஒரு படம் உண்டு. சூரியன், நிலவு, பூமி மூன்றும் நேர்கோட்டில் இருக்கும். அந்தப் படம் காரணத்தைச் சொல்கிறது. ஆனால் கிரகணம் பார்க்க எப்படி இருக்கும் என்பதை விட்டுவிடுகிறது. தாமஸின் ஓவியம் காரணத்தை விட்டுவிட்டு அனுபவத்தைச் சொல்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு அரூபங்கள். ஒன்றை மட்டும் பார்த்த குழந்தைக்குக் கிரகணம் பாதிதான் தெரியும்.

மூன்றாவது, 1972இல் வரைந்த 'செவ்வாய்த் தூசி'. 1971 நவம்பரில் மரைனர் 9 விண்கலம் செவ்வாயைச் சுற்றிவரத் தொடங்கியது. வேறொரு கோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம் அதுவே. அது போய்ச் சேர்ந்தபோது செவ்வாய் முழுவதையும் தூசிப்புயல் மூடியிருந்தது. புயல் அடங்கும்வரை விஞ்ஞானிகள் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓவியத்தில் சிவப்புத் திட்டுகள் கேன்வாஸை நிறைத்திருக்க, அடியில் உள்ள நீலம் இடுக்குகளில் தெரிகிறது. ஒன்றை மறைப்பதும் அந்த மறைப்பினூடே கொஞ்சம் தெரிவதும்தான் தூசிப்புயலின் இயல்பு. அவர் வைத்துக்கொண்டது அதைத்தான்.

வண்ணத்தின் இரு மொழிகள்

ஓவிய வகுப்பில் சிவப்பும் மஞ்சளும் வெப்ப நிறங்கள், நீலம் குளிர் நிறம் என்று சொல்கிறோம். வானியலில் இது தலைகீழ். மார்கழி, தை மாதங்களில் இரவில் ஓரியன் விண்மீன் குழுவைப் பார்க்கலாம். அதில் செந்நிறமாகத் தெரிவது திருவாதிரை. அதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின். அதே குழுவில் நீலவெண்மையாக மின்னும் ரீகல் விண்மீனுடையது சுமார் 12,000 கெல்வின். நம் சூரியன் ஏறத்தாழ 5,800 கெல்வினோடு இடையில் இருக்கிறது.

ஏன் இந்த முரண்? ஓவியத்தின் வெப்பமும் குளிர்ச்சியும் மனிதனின் நினைவிலிருந்து வந்தவை. நெருப்பு சிவப்பு, நீர் நீலம் என்ற நினைவு அது. விண்மீனின் நிறமோ அதன் மேற்பரப்பு வெப்பநிலையைப் பொறுத்தது. இரண்டு மொழிகளும் அவற்றுக்குரிய இடத்தில் சரியானவையே. ஒரே சொல் இரு துறைகளில் இரு பொருள் தருவதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு சிறு சோதனையும் செய்யலாம். ஒரே ஆரஞ்சு வண்ணத்தாளில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றை மஞ்சள் தாளிலும் மற்றொன்றை நீலத் தாளிலும் ஒட்டுங்கள். நீலத்தில் ஒட்டியது கூடுதலாகப் பளிச்சிடும். 1972இல் வரைந்த 'விண்மீன் இரவும் விண்வெளி வீரர்களும்' என்ற ஓவியத்தில் தாமஸ் பயன்படுத்தியது இந்த உத்தியைத்தான். ஓவியம் முழுவதும் நீலத் திட்டுகள். மேலே வலப்புறத்தில் மட்டும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் ஒரு சிறு பகுதி. பரந்த வெளியில் விண்கலம் எவ்வளவு சிறியது, எவ்வளவு தனியானது என்பது ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கிவிடுகிறது.

வேப்பமரத்தடியில் ஒரு பாடவேளை

தாமஸ் கவனித்த இலையிடுக்கு ஒளி எல்லா ஊர்களிலும் உண்டு. நண்பகலில் மரத்தடியில் விழும் ஒளிப்பொட்டுகளைப் பாருங்கள். இலைகளின் இடைவெளிகள் கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டுகள் பெரும்பாலும் வட்டமாக இருக்கும். ஒவ்வோர் இடைவெளியும் ஓர் ஊசித்துளைக் கேமராவாகச் செயல்படுகிறது. தரையில் விழுவது சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தெரிந்த கிரகணத்தின்போது இந்த வட்டங்கள் பிறைகளாக மாறியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

ஏழாம் வகுப்பு மாணவர்களை எங்கள் பள்ளி வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். பத்து நிமிடம் பார்க்க மட்டும் வேண்டும், வரையக் கூடாது என்றேன். பிறகு, பார்த்ததில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு படமாக்கச் சொன்னேன். வண்ணம் வாங்கப் பணம் தேவைப்படவில்லை. பழைய நாட்காட்டித் தாள்கள், அழைப்பிதழ்கள், பசை, கறுப்பு சார்ட் ஆகியவை போதுமாக இருந்தன.

எழுத்து வேலையைப் பெரும்பாலும் முடிக்காத மாணவன் ஒருவன் வட்டங்களை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தான். "மரம் எங்கடா?" என்று மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "மரம் மேல இருக்கு. நான் கீழ விழுந்ததத்தான் ஒட்டியிருக்கேன்" என்றான். அவன் ஒட்டியதில் சில வட்டங்கள் பெரியவையாகவும் மங்கலான மஞ்சளாகவும் இருந்தன. சில சிறியவையாகவும் பளிச்சென்ற மஞ்சளாகவும் இருந்தன. ஏன் என்று கேட்டேன். "உசரமான கெளையில இருந்து வர்றது பெருசா, மங்கலா இருக்கு சார்" என்றான்.

அவன் சொன்னது இயற்பியல் விதி. சூரியனின் விட்டத்தைப்போல் சுமார் 107 மடங்கு தொலைவில் நாம் இருக்கிறோம். ஆகவே பிம்பத்தின் விட்டம், இடைவெளியின் உயரத்தில் ஏறத்தாழ 107இல் ஒரு பங்காக இருக்கும். 3 மீட்டர் உயர இடைவெளியிலிருந்து விழும் வட்டம் சுமார் 28 மி.மீ. இருக்கும். 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது அதைப்போல் இரு மடங்கு. அதே அளவு ஒளி அதிகப் பரப்பில் பரவுவதால் பெரிய வட்டம் மங்கலாகிறது. மறுநாள் அளவுகோலை எடுத்துச் சென்று வகுப்பே வட்டங்களை அளந்தது. சூரியக் குடும்பப் படத்தில் வந்த 10 செ.மீ. பந்தும் 10.7 மீட்டர் தொலைவும் இதே விகிதம்தான் என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

அந்த மாணவனின் அறிவியல் குறிப்பேட்டில் இந்த உண்மை இல்லை. அவன் ஒட்டிய படத்தில் இருந்தது.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

வானிலும் இயற்கையிலும் இதற்கான பொருள்கள் நிறைய உண்டு. மாலை வானின் நிறமாற்றம், குளத்தில் கல் விழுந்த அலை, நிலவின் வளர்பிறை தேய்பிறை, மழைக்கு முந்தைய மேகம் என எதையும் எடுத்துக்கொள்ளலாம். தொடக்க வகுப்புகளில் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உயர்நிலை வகுப்புகளில் நிறம், அளவு, திசை, அடர்த்தி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். தாமஸின் ஓவியங்களை உயர்தொழில்நுட்ப ஆய்வகத் திரையில் காட்டலாம். ஆனால் மாணவர்கள் செய்து முடித்த பிறகு காட்டுவது நல்லது. முன்பே காட்டினால் திட்டுகளை அப்படியே பார்த்துப் போடுவார்கள். சூரியனை நேரடியாகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டும்.

படத்துக்குத் தலைப்பை மாணவரே கடைசியில் இடட்டும். அரூப ஓவியத்தில் பார்வையாளர் உள்ளே நுழையும் வாசல் தலைப்புதான். தலைப்பை ஒட்டி மூன்று வாக்கியங்கள் எழுதச் சொன்னால் அது மொழிப் பாடத்துக்கும் பயிற்சியாகும்.

மதிப்பிடும்போது "இது என்ன?" என்று கேட்பதைத் தவிர்க்கலாம். அந்தக் கேள்விக்கு மரம், வீடு, மலை என்ற விடைகள் மட்டுமே உண்டு. வானத்தைச் சிவப்பாகப் போட்ட பிள்ளை அந்தக் கேள்வியில் தோற்றுவிடும். அடுத்த முறை கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து வரையும். "எதைப் பார்த்தாய்? அதில் எதை எடுத்துக்கொண்டாய்? எதை விட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாகப் பார்த்த பிள்ளைக்கு மூன்றுக்கும் விடை இருக்கும். சும்மா கிறுக்கிய பிள்ளைக்கு இருக்காது. அரூபத்துக்கும் கிறுக்கலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தேர்வு நெருங்கும்போது கணக்குக்கும் அறிவியலுக்கும் முதலில் தாரை வார்க்கப்படுவது ஓவியப் பாடவேளைதான். அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் அந்தப் பாடவேளையை வாங்கிக்கொள்பவர்களில் நானும் ஒருவன். இந்த ஆண்டு அப்படிக் கிடைத்த இரண்டு பாடவேளைகளை மரத்தடிக்கே திருப்பிக் கொடுத்தேன். ஒளியியல் பாடத்தில் ஊசித்துளைக் கேமராவை நான் புதிதாக நடத்த வேண்டிய தேவை ஏற்படவில்லை.